டகேமிட்சுவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகேமிட்சுவைப் பற்றி நான் யாரிடம் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: சரி, முதலில் எதைக் கேட்கட்டும்? நியாயமான கேள்விதான். 1930-இல் பிறந்து 1996-இல் இறந்தவர், அதற்குள் 90-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசை, அதுபோக ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தனி வாத்தியங்களுக்கும் எழுதியவை ஏராளம், ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால் இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். பொருந்தாத இடத்தில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன், ஏனென்றால் அப்படி அனுப்பி வைத்ததே நான்தான்.

பல வருடங்களாக எல்லோருக்கும் நான் கொடுத்தது 1977-இல் அவர் எழுதிய 'எ ஃப்ளாக் டிசென்ட்ஸ் இன்டு த பென்டகனல் கார்டன்'. 13 நிமிடம்தான், காதுக்கு இதமாக இருக்கும், யாரையும் பயமுறுத்தாது. கேட்டவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். அதற்கப்புறம் ஒருவர்கூட அடுத்தது என்ன என்று கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை முக்கியமான ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கர்நாடக சங்கீதமோ தமிழ்த் திரையிசையோ கேட்டு வளர்ந்த காதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பாக், பேத்தோவன் என்று வளர்ந்த ஒருவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

எந்த வழியில் போகலாம் என்பதற்கு முன் அந்த மனிதரின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோவில் பிறந்தவர், ஆனால் ஒரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் சீனாவின் டாலியனுக்குப் போய்விட்டது. பள்ளிக்காக 1938-இல் திரும்பி வந்து தங்கியது அத்தை வீட்டில், அவர் கோட்டோ வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர். ஆக ஜப்பானிய மரபிசை சின்ன வயதிலேயே காதில் விழுந்துகொண்டே இருந்தது, பையனுக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை. 1944-இல், 14 வயதில், ராணுவ வேலைக்கு இழுத்துப் போகிறார்கள். மலையில் ஒரு முகாம். எதிரி நாட்டு இசை கேட்பது தடை. அங்கே ஒரு நாள் ஓர் அதிகாரி பையன்களைக் கூட்டி வைத்து, மூங்கிலைச் சீவிச் செய்த ஊசியைக் கிராமபோனில் மாட்டி, ஒரு பிரெஞ்சுக் காதல் பாட்டைப் போட்டுக் காட்டுகிறார். இசை என்றால் இதுதான் என்று அந்தப் பையனுக்குத் தோன்றிவிட்டது. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ முகாமில் வேலை, உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த நாட்களில் அமெரிக்க ராணுவ வானொலி, அதில் வந்த மேற்கத்திய இசையெல்லாம். முறையான படிப்பு என்று பார்த்தால் யாசுஜி கியோசே என்பவரிடம் கொஞ்ச காலம், மற்றதெல்லாம் தானே கற்றது. சொந்த நாட்டு இசை என்றாலே போர்க்கால நினைவுதான் வந்தது, அதனால் பல வருடம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் பொம்மலாட்ட நாடகமான புன்ராகுவில் ஷாமிசென் வாத்தியத்தைக் கேட்டு ஆடிப்போனார். 60-களில் பழக்கமான அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஒரு காரணம். அவர் ஜென் பௌத்தத்தில் ஊறியவர், அவர் வழியாகத்தான் தன் மரபின் மதிப்பு தனக்குப் புரிந்தது என்று டகேமிட்சு நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அதாவது இவர் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனவர் என்று நினைத்தால் கணக்கு தப்பாகிவிடும். மேற்கில் ஆரம்பித்து, வெகுதூரம் சுற்றி, 30 வயதுக்கு மேல் வீட்டு வாசலுக்கு வந்து நின்றவர். எந்தப் படைப்பை எடுத்தாலும் அந்தப் பயணத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு அது ஒட்டும், ஒட்டாமல் போகும்.

காலவரிசைப்படி முதல் வழி 'ரெக்வியம்', அதாவது இறந்தவருக்கான இரங்கல் இசை, 1957, தந்தி வாத்தியங்களுக்கு மட்டும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'செவன் சாமுராய்' படத்துக்கு இசையமைத்த ஃபூமியோ ஹயசாகா 1955-இல் காசநோயில் இறந்தார், அவர் நினைவாக எழுதியது. எழுதும்போது டகேமிட்சுவும் நோயாளிதான். 1959-இல் ஜப்பானுக்கு வந்த புகழ்பெற்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தற்செயலாக இதன் ஒலிப்பதிவைக் கேட்டு, இதன் தீவிரத்தைப் பாராட்டி, அவரைச் சாப்பிட அழைத்தார். டகேமிட்சுவின் பெயர் வெளிநாடுகளில் தெரிய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். இதில் ஆரம்பிக்கச் சொல்பவர்கள் நிறைய பேர். கனமான இசை, சந்தேகமே இல்லை, துக்கம் மெதுவாக நகர்ந்து போவது போல ஓர் ஓட்டம், எங்கே ஆரம்பித்தது, எங்கே முடியப்போகிறது என்று பிடிபடாது. ஆனால் ஆசிய மரபும் மேற்கத்திய மரபும் இவரிடம் எப்படிச் சந்தித்தன என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு இங்கே வெளிப்படையாக எதுவும் கிடைக்காது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ், அவ்வளவுதான். அந்த நகர்வின் வேகம் ஜப்பானுடையது என்று பின்னால் புரியும், முதல் தடவையில் புரியாது. இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கேட்கலாம்.

நான் கொடுத்துக்கொண்டிருந்த 'ஃப்ளாக்' பற்றி. ஒரு கறுப்புப் பறவையின் தலைமையில் வெள்ளைப் பறவைக் கூட்டம் ஒன்று ஐங்கோணத் தோட்டத்தில் இறங்குவதாக அவருக்கு ஒரு கனவு, அதிலிருந்து பிறந்தது. ஐந்து என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, பியானோவின் ஐந்து கறுப்புக் கட்டைகளை அடிப்படையாக வைத்து, நடுநாயகமாக எஃப் ஷார்ப்பை வைத்து எழுதியிருக்கிறார். அந்த எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்து ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வாசித்துப் பாருங்கள், மோகனம்! இதைச் சொல்லித்தான் எல்லோரையும் ஆசை காட்டினேன். இப்போது யோசித்தால் அங்கேதான் சறுக்கியிருக்கிறேன். மோகனத்தைத் தேடிக்கொண்டு போகிறவருக்கு மோகனம் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஐந்து ஸ்வரங்களை அவர் ராகமாக நடத்தவில்லை, அதிலிருந்து கணக்குப் போட்டு வேறு வேறு ஸ்வரக் குவியல்களை உண்டாக்கி அடுக்கடுக்காக விரிக்கிறார், காதில் விழுவது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸிக்குப் பக்கத்து வீட்டு இசை. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் பழகியவருக்கு இது அருமையான வாசல். நம் காதுக்கு அழகான பின்னணி இசையாக வந்து, அப்படியே போய்விடுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 'ஷூதெய்கா'. இலையுதிர்காலத் தோட்டம் என்பதை ஒட்டிய தலைப்பு. டோக்கியோ தேசிய அரங்குக்காக 1973-இல் ஒரு பகுதி எழுதினார், 1979-இல் ஆறு பகுதிகளாக விரித்தார். இதில் மேற்கத்திய வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க ககாகு, அதாவது ஜப்பானிய அரசவை இசைக்குழு. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான மரபு. கி.பி. 752-இல் நாரா நகரத்துப் பெரிய புத்தருக்குக் கண் திறக்கும் விழாவை நடத்திவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, அந்த விழாவில் ஒலித்ததும் இந்த வம்சத்து இசைதான். இதில் ஷோ என்று ஒரு வாத்தியம், கையில் ஏந்தி வாசிக்கும் 17 மூங்கில் குழல்கள், அதில் இரண்டு சும்மா நிற்கும், மற்ற 15-இன் அடியிலும் ரீடு, அதாவது காற்றில் துடிக்கிற மெல்லிய தகடு, உண்டு. நம் சுருதிப்பெட்டிக்குள் துடிக்கிற ரீடு போலத்தான் அதுவும் துடிக்கும். மூச்சை இழுத்தாலும் ஒலிக்கும், விட்டாலும் ஒலிக்கும், அதனால் சத்தம் அறுபடுவதே இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க யாரோ சுருதியை விடாமல் பிடித்திருப்பது போல இருக்கும். எனக்கு இவர் எழுதியதிலேயே மிகவும் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் முழுதாகக் கேட்டால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும், தாளம் என்று நாம் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, அதைவிட முக்கியமாக, ககாகு என்றால் என்ன என்றே தெரியாதவருக்கு இதில் மரபு எது, டகேமிட்சு எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. முதல் நாள் இதைக் கொடுப்பது, சங்கீதமே கேட்டிராத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ராகம் தானம் பல்லவியில் உட்கார வைப்பது மாதிரி.

நான்காவது வழி சினிமா. ஆசை காட்டும் வழியும் இதுதான், ஏனென்றால் நமக்கு இசையே பாதி சினிமா வழியாகத்தான் வந்தது. இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரான்', 1985, அதில் கோட்டை எரியும் காட்சி. குதிரை, வாள், அலறல், நெருப்பு எல்லாம் திரையில் நடக்கிறது, ஒரு சத்தமும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் துக்கம் கொண்டாடுகிறது, கடைசியில் ஒரே ஒரு துப்பாக்கி வெடிக்கும்போது நிஜ உலகத்தின் சத்தமெல்லாம் திரும்பி வந்து நம் மேல் விழுகிறது. சினிமாவில் இசையை இதைவிடத் துணிச்சலாகப் பயன்படுத்திய இடங்கள் குறைவு. ஆனால் நம் தேடலுக்கு 'ரான்' பெரிதாக உதவாது, அந்த இசை ஏறக்குறைய முழுக்க ஐரோப்பியத் தொனி.

உதவுவது இயக்குநர் மசாகி கோபயாஷியின் இரண்டு படங்கள், 1962-இன் 'ஹராகிரி', 1964-இன் 'குவாய்டன்'. பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தை டகேமிட்சு கையில் எடுத்துப் பழகியது இந்தப் படங்களில்தான். 'குவாய்டன்' நாலு பேய்க்கதைகள். அதில் ஒன்றில், 1185-இல் நடந்த கடல் போரைப் பற்றி ஒரு குருட்டுப் பிவா பாடகன் இறந்தவர்களுக்கே பாடிக் காட்டுகிறான். பிவாவை வாசித்துப் பாடியது கின்ஷி ட்சுருடா என்ற பெண்மணி, இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். இன்னொரு கதையில் இற்றுப்போன வீட்டுக்குள் ஒருவன் ஓடுவான், அங்கே காலடிச் சத்தம் வராது, அதற்குப் பதில் மரம் பிளக்கிற சத்தம், அதுவும் பிளந்த கணத்தில் வராமல் கொஞ்சம் தள்ளி வரும். இசை எது, ஒலி எது என்கிற கோட்டையே அழித்துவிட்டார். இதெல்லாம் சேர்ந்து சினிமாவை முதல் வாசலாக்கப் போதாதா? கிட்டத்தட்டப் போதும். தடையாக இருப்பது நேரமும் கவனமும்தான்: 'குவாய்டன்' முழு வடிவம் மூன்று மணி நேரம், அதோடு பார்க்கும்போது கண் முன்னால் போய்விடுகிறது, காது பின்னால் வருகிறது. பத்துப் பேருக்கு இந்தப் படத்தைக் கொடுத்தால் ஒன்பது பேர் செட்டையும் வர்ணத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். முன்னால் பார்த்து வைத்திருந்தால் பெரிய பலம், ஆனால் இசைக்கான முதல் வாசலாக இதைச் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இருப்பது 'நவம்பர் ஸ்டெப்ஸ்', இவர் எழுதியதில் மிகப் பிரபலமானது, முதல் தடவை கேட்பவருக்கு வேண்டவே வேண்டாம் என்று பலரும் எச்சரிப்பது. நானும் எச்சரித்துக்கொண்டிருந்தேன்.

இது வந்த கதை இப்படி. 1966-இல் டகேமிட்சு பிவாவுக்கும் ஷகுஹாச்சி என்ற மூங்கில் குழலுக்கும் மட்டுமாக 'எக்லிப்ஸ்' என்று ஒன்று எழுதினார். அதன் ஒலிப்பதிவை ஜப்பானிய ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் செய்ஜி ஒசாவா, நியூயார்க்கில் நடத்துநராக இருந்த லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்குப் போட்டுக் காட்ட, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் 125-ஆவது ஆண்டுக்காக இந்த இரண்டு வாத்தியங்களையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டார்கள். மலைப்பகுதியில் ஒரு வீட்டில் டெபுஸ்ஸியின் இரண்டு ஸ்வரக் குறிப்புப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டையும் எப்படிக் கலப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கலக்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு பக்கம் பிவா-ஷகுஹாச்சி உலகம், இன்னொரு பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா உலகம், இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தையே பெரிதாகக் காட்டுவது. 1967 நவம்பர் 9, நியூயார்க்கில் அரங்கேற்றம், ஒசாவா நடத்தினார், பிவா அதே கின்ஷி ட்சுருடா, ஷகுஹாச்சி கட்சுயா யோகோயாமா. ஜப்பானிய மரபிசையில் ஒரு படைப்பின் பகுதியை 'தன்' என்பார்கள், படி என்று பொருள். இதில் பதினொரு படி, பதினொன்றாவது மாதம், அதனால் அந்தப் பெயர்.

மொத்தம் 20 நிமிடம். தந்தி வாத்தியங்கள் இரண்டு கூட்டமாக இடமும் வலமும் பிரிந்து உட்கார்ந்திருக்கும், ஹெட்ஃபோனில் கேட்டால் நன்றாகத் தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா கரகரவென்று, மேகம் திரள்வது போல ஒலித்துவிட்டு விலகும், இந்த இரண்டு பேர் பேசுவார்கள், திரும்ப அது வரும். பிற்பகுதியில் அத்தனை பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இரண்டே பேர் எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் தனியாக வாசிப்பார்கள். அதற்கு முழு ஸ்வரக் குறிப்பு கிடையாது, கோடும் வளைவுமாக ஒரு வரைபடம்தான், மற்றது அவர்கள் கையில், மூச்சில். இந்த எட்டு நிமிடம்தான் என் மனதை மாற்றியது, இன்னும் சரியாகச் சொன்னால் இதைக் கேட்ட என் அத்தைதான் மாற்றினார்.

அத்தை முப்பது வருடம் வீணை சொல்லிக்கொடுத்தவர், மேற்கத்திய இசை அவருக்குச் சினிமாவில் வந்ததோடு சரி. ஒரு மத்தியானம் அவர் வீட்டில் நான் இதைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்க்கெஸ்ட்ரா ஓடியவரைக்கும் அவர் பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிவா தனியாக வந்ததும் கை நின்றது. "ஏன்டா, இதுக்கும் ஜீவா போட்டிருக்காங்களா?" என்றார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த ரீங்காரம் சரியாகக் கிடைக்கும்வரை பார்ப்பார்களே, அந்த ஜீவா. நான் அசந்துபோனேன். பிவாவில் நூல் கிடையாது, ஆனால் தந்தி, வீணையில் இருப்பது போன்ற மெட்டின் அகலமான தலையில் லேசாக உரசி அதே மாதிரி இரையும்படி வேண்டுமென்றே செதுக்கி வைத்திருப்பார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர் சாவாரி. டகேமிட்சு கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எழுதிய விஷயம் இது: சுத்தமான நாதத்தைத் தேடி மேற்கத்திய வாத்தியங்கள் இரைச்சலைக் களைந்துகொண்டே போனபோது, அவருடைய மரபு இரைச்சலை நாதத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது என்று. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன், அத்தைக்குக் கீரையும் கையுமாக உட்கார்ந்திருந்த இடத்தில், பத்து விநாடியில் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்வரம் வளைகிற இடத்தில், "மெட்டு உசரமா இருக்கு, தந்தியை அமுக்குறாங்க, நாம பக்கவாட்டுல இழுக்கிறோம்" என்றார். சரிதான், பிவாவில் இரண்டு மெட்டுக்கு நடுவே தந்தியைக் கீழே அழுத்தித்தான் ஸ்வரத்தை ஏற்றுவார்கள். ஜப்பானில் சரஸ்வதிக்கு பென்சாய்தென் என்று பெயர், அவள் மடியில் வீணைக்குப் பதில் பிவா இருக்கும் என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை, வேறு என்ன வைத்திருப்பாள் என்கிற மாதிரி பார்த்தார்.

அந்த மத்தியானம் எனக்கு ஒன்று தெளிவானது. 'நவம்பர் ஸ்டெப்ஸ்' கஷ்டமானது என்று எச்சரித்தவர்கள் பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ரா காதோடு வந்தவர்கள். அவர்களுக்குப் பிவாவின் இரைச்சல், ஷகுஹாச்சியில் ஸ்வரத்துக்கு முன்னால் சீறி வருகிற காற்று, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வரும் நீண்ட மௌனம், எல்லாம் புதிது. நமக்கு அதெல்லாம் தெரிந்த வீடு, ஆர்க்கெஸ்ட்ராதான் அந்நியம். கரடுமுரடு என்று அவர்கள் சொல்கிற இடம்தான் நமக்கு வாசல். ஆலாபனையில் பாடகர் ஸ்வரத்தில் நின்று, அடுத்ததற்குப் போகாமல் காத்திருக்கும்போது சபையில் ஒரு அமைதி வருமே, ஜப்பானியர்கள் 'மா' என்று சொல்கிற அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்த் திரையிசையில் வளர்ந்த நமக்கு, ராகமும் வயலின் கூட்டமும் ஒன்றோடொன்று பின்னிப் போவதுதான் கிழக்கும் மேற்கும் சேருவது. அதை எதிர்பார்த்துப் போனால் இங்கே ஏமாற்றம்தான். இங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, எண்ணெயும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் இருப்பது போல இருக்கும். முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஆக என் முடிவு 'நவம்பர் ஸ்டெப்ஸ்', ஆனால் ஒரு சின்ன ஏற்பாட்டோடு. முதல் நாள் 'எக்லிப்ஸ்' மட்டும் கேளுங்கள், அதில் ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, இரண்டு வாத்தியங்களும் காதுக்குப் பழகும். மறுநாள் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' முழுதாக, நடுவில் நிறுத்தாமல். ஒசாவா டொரண்டோ சிம்பொனியோடு 1967 கடைசியில் பதிவு செய்தது கிடைத்தால் அதையே எடுங்கள், அரங்கேற்றத்தில் வாசித்த அதே இருவர்தான் அதிலும். முதலில் அது வெளியானபோது கூடவே இருந்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் 'துரங்கலீலா', பழைய இந்திய இசை நூலாசிரியர் சார்ங்கதேவரின் தாளங்களைப் படித்தவர் எழுதிய சிம்பொனி. அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

கர்நாடக இசையே கேட்காமல் முழுக்க மேற்கத்திய இசையில் வந்தவராக இருந்தால் 'ஃப்ளாக்', அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சினிமா பைத்தியமாக இருந்தால் 'குவாய்டன்' பிவாக் கதையை மட்டும் பார்த்துவிட்டு 'எக்லிப்ஸ்' கேட்கலாம், டகேமிட்சு நடந்துவந்த வழியும் ஏறக்குறைய அதுதான். 'ரெக்வியம்' யாராவது வேண்டியவரை இழந்த நாளில் தானாகவே உங்களைத் தேடி வரும், அவசரப்பட வேண்டாம்.

'ஷூதெய்கா'வை அத்தைக்குப் போன வாரம்தான் போட்டேன். 1973-இல் எழுதிய அந்த நாலாவது பகுதி மட்டும். ஷோ ஒலிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் எழுந்து போய் மின்விசிறியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.